ரிப்பனைத் தைத்த கை

ஜப்பான் சண்டை முடிந்த வருஷம். கச்சேரி ரோட்டில் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு வாப்பாவின் தையற்கடைக்கு ஓடிவந்த ஜஹீதா, வாசலில் ஒதுங்கி நின்றவர் மேல் மோதினாள். 'டர்'ரென்று ஏதோ கிழிந்தது.

"கண்ணு எங்க கீது உங்களுக்கு..." என்று நிமிர்ந்தாள். வெள்ளைக் கடற்படைக் கோட்டு. மழையில் நனைந்த இமைகள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கண்கள்... லெப்டினன்ட் ஹபீபுர் ரஹ்மான். பர்மா கரையோரம் எரிகிற கப்பலிலிருந்து பத்தொன்பது பேரைத் தூக்கி வந்தவர் என்று பேப்பரில் படம் போட்டிருந்தார்களே, அவரேதான். அந்த வீரத்துக்குக் கிடைத்த பதக்கத்தின் நீலவெள்ளை ரிப்பன் இப்போது குடைக்கம்பியில் தொங்கியது.

"ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பிச்சேன்... உங்க குடைக்குத் தப்ப முடியல," என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் அவருக்கு வரவேற்பு. அதற்குள் தைத்துத் தரச் சொல்லிக் கோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊசியும் கையுமாக உட்கார்ந்த ஜஹீதா, ரிப்பனில் மிச்சமிருந்த பழைய தையலைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. எறும்பு ஊர்ந்த மாதிரி அத்தனை பொடித் தையல். சின்ன வயதிலிருந்து காஜா எடுக்கிறவளுக்கா தெரியாது? கூலிக்குத் தைத்ததில்லை இது. ஆசையாகத் தைத்த பெண்பிள்ளையின் கை. யார் அவள்? பம்பாய்க்காரியா? சிவப்பாக இருப்பாளோ? வயிறு எரிந்தது. ஒரே ஒரு தடவை பார்த்த மனிதருக்காக இப்படி எரிகிறதே என்று இன்னும் எரிந்தது. மூன்று நாள் அந்தக் கோட்டை அவள் தொடவே இல்லை.

வியாழக்கிழமை அவர் வந்தபோது வாப்பா பீர் முஹம்மது அஸர் தொழப் போயிருந்தார்.

"தெக்கல," என்றாள் ஜஹீதா. "முன்னாடி தெச்ச மவராசிகிட்டயே குடுங்க."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு ஊசியை வாங்கி, உட்கார்ந்து, தானே தைக்க ஆரம்பித்தார். அதே பொடித் தையல்...

"எங்க சின்னக் கப்பல்ல டெய்லருக்கு எங்க போறது? அவங்கவங்க துணிய அவங்கவங்கதான் தெச்சுக்கணும்." தலை நிமிர்ந்தார். "ஆமா... உங்களுக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?"

"பொறாமை," என்றாள். மறைக்கத் தோன்றவில்லை. காது மட்டும் சுட்டது.

"மூணு நாள்ல நாலு தடவை இந்தத் தெருவுக்கு வந்தேன்... கோட்டைப் பாக்க வரல." அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு வரவேற்பு முடிஞ்சதும் உங்க வாப்பாகிட்ட பேசட்டுமா?"

ஜஹீதாவுக்குப் பகீரென்றது. நாளைக்கா?

"பொண்ணு வெச்சிக்கினு இருக்கிறவங்க அத்தினி பேரும் நாளைக்கு அங்க வருவாங்க. வாப்பா இப்ப வந்துடுவாரு... இன்னிக்கே பேசுங்க."