நான்கு விநாடி இருமல்

அப்பா இருமிக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

கூடத்து நாற்காலியில் குனிந்து, துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க இருமுகிறார். தண்ணீர் குடிக்க வந்த மகள் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். ஹெட்போன் கழுத்தில்தான் கிடந்தது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது, எண்ணெய் காணாத மின்விசிறி முனகுவது கேட்டது, அடுத்த தெருவில் யாரோ துணி துவைப்பதுகூடக் கேட்டது. எனக்காக அடக்கிக்கொண்டு இருமுகிறார் போல, பாவம் என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பினாள்.

நேற்று அவள் பேசிய பேச்சு அப்படி. திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பாடத்துக்கு ஐந்து நிமிடப் படம் கொடுக்க வேண்டும். வசனமே கூடாது. "திரையை மூடி வச்சுட்டுக் காதால கேப்பேன். கதை புரியணும்" என்று சொல்லிவிட்டார் வாத்தியார். அவள் எடுத்தது யாருமே இல்லாத ஒரு வீட்டின் கதை. அதற்குக் கிடைத்ததோ அப்பாவும் அவளும் குடியிருக்கும் இந்த வீடு. ஊரார் சுவருக்கெல்லாம் முப்பது வருஷம் பெயிண்ட் அடித்து, அந்தத் தூசியையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டவர் அப்பா. யாருமில்லாத வீட்டின் ஒவ்வொரு நிமிடத்திலும் அவருடைய இருமல் இருந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம் இருமாம இருக்க முடியாதாப்பா?"

"அது என்ன, என்னைக் கேட்டுக்கிட்டா வருது வாலு?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தும் கேட்டது.

இன்று மதியம்தான் வழி பிறந்தது. வேண்டாத சத்தத்தில் ஒரு துணுக்கைக் காட்டிக்கொடுத்தால் போதும், கணினி அதைக் கற்றுக்கொண்டு பதிவு முழுக்கத் தேடித் தேடி அழித்துவிடும். எதைக் காட்டுகிறோம் என்பதைப் பார்த்துக் காட்டவேண்டும் என்று வாத்தியார் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் அது யாருக்கு நினைவிருக்கிறது? நான்கு விநாடி எடுத்தாள். அதில் இருமல் இருந்தது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து வரும் அவர் நடை இருந்தது. "வாலு, முடிஞ்சுதாம்மா?" என்ற குரலும் இருந்தது. பொத்தானை அழுத்தினாள். வீடு சுத்தமாகிவிட்டது. ஆள் இருந்த சுவடே இல்லை. சந்தோஷத்தில் அவள் கைகூடத் தட்டினாள்.

இப்போது அதையே இன்னொரு தரம் கேட்கலாம் என்று உட்கார்ந்தபோது முதுகுப் பக்கம் பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடை அடித்தது. எத்தனை குளித்தாலும் அவரை விட்டுப் போகாத வாடை. திரும்பினாள். அப்பா கதவருகே நின்றிருந்தார். செருப்பும் காலில்தான் இருந்தது. அவர் வந்தது அவளுக்குக் கேட்கவேயில்லை.

அவர் வாய் அசைந்தது.

"என்னப்பா?"

அவள் குரல் அறையில் தெளிவாகக் கேட்டது. அவர் மறுபடி வாயசைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறார் என்று புரிந்தது.

"விளையாடாதீங்கப்பா."

அவர் நெஞ்சைக் காட்டினார். கதவை விரலால் தட்டினார். கதவு அதிர்வது தெரிந்தது. அவர் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவியது. விழுந்து, துள்ளி, உருண்டு, சுவரில் முட்டி நின்றது.

சத்தமில்லை.

தண்ணீர் மட்டும் சில்லென்று அவள் பாதத்தைத் தொட்டது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார். ஓடிப்போய் அவரைத் தாங்கியிருக்க வேண்டியவள் கணினிப் பக்கம் திரும்பினாள். அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அந்த நிமிடத்தை நினைத்து எத்தனை அழுதாலும் ஆறாது.

பழைய பதிவு இல்லை. அதன் மேலேயே சேமித்திருந்தாள். ஒரே ஒரு பொத்தான் மிச்சம் இருந்தது. நீக்கியதை மட்டும் கேட்க.

ஹெட்போனை மாட்டினாள். அழுத்தினாள்.

இருமல். செருப்பு நடை. "வாலு, முடிஞ்சுதாம்மா?"

நான்கு விநாடி முடிந்தது. பதிவு நிற்கவில்லை.

"வாலு." கதவு தட்டும் ஒலி. "மூச்சு முட்டுதும்மா." டம்ளர் விழுந்தது. கணகணவென்று உருண்டது. "பிடிச்சுக்கோம்மா." செருப்பு தேய்ந்து தேய்ந்து விலகியது. நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு நீள மூச்சு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

ஹெட்போனோடு கழுத்தைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார். துண்டு மடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை.

திரையில் பதிவின் கோடு நீண்டுகொண்டே போயிற்று.

"வாலு," என்றது காதருகே குரல், தயங்கித் தயங்கி. "இங்க இருட்டா இருக்கும்மா. எங்க உட்காரணும்னு தெரியல. சத்தமே போடாமத்தான் இருக்கேன்."

அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கழற்றினால் அவர் இல்லை.

நாற்காலியில் இருந்தவரின் உதடு அசையவில்லை.

"முடிஞ்சுதாம்மா? இப்ப இருமிக்கலாமா?"