வெளியறையில் தொங்கிய துப்பாக்கி

விறகுக் குவியலுக்குப் பின்னால் பனி அமுங்கியிருந்தது. ஏதோ ஒன்று வீட்டைப் பார்த்தபடி வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்த மாதிரி ஒரு குழி. அதன் அடியில் பனி உருகி மறுபடி வழவழவென்று உறைந்திருந்தது. கடமான் படுத்திருக்கும் என்று வெண்டெல் ஸ்ட்ரோம் அதைப் பூட்ஸ் காலால் கலைத்துவிட்டான். முப்பது வருஷம் அலாஸ்கா காட்டுக்குள் வெளியூர்ப் பணக்காரர்களை வேட்டைக்குக் கூட்டிப்போனவன், ஒரு குழியைப் பார்த்தா மிரளுவான்? கடமான் படுத்த இடத்தில் புழுக்கை கிடக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. அது அவன் கண்ணில் படத்தான் செய்தது. படாத மாதிரி உள்ளே போனான்.

மூன்று மணிக்கு ஆற்றோரத்து லோர்னா டெமோஸ்கி வந்தாள். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். முந்தின நாள் அவளுடைய மீன் கொட்டகையைக் கரடி பிரித்துப் போட்டிருந்தது. புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள்.

"இது போதுமான்னு பாத்துச் சொல்லுங்க."

வெண்டெல் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். "ஒன்பது மில்லிமீட்டரா? இதால சுடுறதுக்குப் பதிலா கரடிகிட்ட கெஞ்சிப் பாக்கலாம்."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க." அவள் தாய்வழியில் பெண்கள் அந்த மிருகத்தைப் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள், கேலியும் செய்யமாட்டார்கள். "எனக்கு மணிக்கட்டு சரியில்ல. பெருசுன்னா ரெண்டாவது குண்டு எங்க போகும்னே தெரியாது. இதுன்னா குறி வச்ச எடத்துல படுது."

"படட்டும். சொறிஞ்சு விட்ட மாதிரி சொகமா இருக்கும் அதுக்கு. வெளியறையில தோல்வாரோட தொங்குது பாரு என் நாப்பத்திநாலு காலிபர் ரிவால்வர், அது துப்பாக்கி. நீ வச்சிருக்கிறது சாவிக்கொத்து."

"வெளியறையிலயா வச்சிருக்கீங்க?"

"பின்ன? ரைபிளும் அங்க குளிர்லதான். குளிர்லருந்து சூட்டுக்குள்ள கொண்டாந்தா துப்பாக்கிக்கு வேர்த்துக் கொட்டும். மறுபடி வெளிய எடுத்தா அது ஒறஞ்சு விசையே அசையாது. இங்க பொறந்தவளுக்கு இத நான் சொல்லணுமா?"

"தெரியும். அதான் இது வீட்ட விட்டு வெளிய போகாது, தலகாணிக்கு அடியிலயே கெடக்கும்." லோர்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நவம்பர் பாதியாச்சு, அது இன்னும் குளிர்காலத் தூக்கத்துக்குப் போகல. ஆத்துல எறங்கி எறங்கி முடியெல்லாம் ஐசு. நடந்தா கலகலன்னு கேக்குது. தடம் உங்க வீட்டுப் பக்கம்தான் வந்திருக்கு. நான் இன்னிக்குத் தம்பி வீட்டுல படுத்துக்கறேன், இத நீங்க வச்சிக்கோங்க."

வெண்டெல் துப்பாக்கியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து, வேண்டுமென்றே காட்டைப் பார்த்துக் கத்தினான். "கரடி! ஏ கெழட்டுக் கரடி!"

லோர்னா சிரிக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. அவள் ஏறிப்போன பனிவண்டியின் உறுமல் ஆற்று வளைவில் தேய்ந்து மறைய, அடுப்பில் பிர்ச் விறகு வெடிப்பதும் கூரைப்பனி மெல்லச் சரிவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதியில், வெண்டெல் கடமான் இறைச்சிக் குழம்பைக் கிண்டியபடி அவளை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான். பேர் சொன்னால் கோபித்துக்கொள்ளுமாம். பயந்தாங்கொள்ளிகள்.

அப்போது வெளியறைக் கதவு திறந்தது.

அந்தக் கதவுக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. கரடி துரத்தி ஓடிவருகிற எவனும் உள்ளே புகுந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"என்ன, பயம் வந்துருச்சா? வா, தொறந்துதான் கெடக்கு," என்றான் திரும்பாமலே, லோர்னாதான் என்று நினைத்து.

பனிவண்டிச் சத்தம் கேட்கவேயில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. உள்கதவின் அடி இடுக்கு வழியாகக் குளிரோடு ஒரு வாடை வந்தது. அழுகின மீன், நனைந்த கம்பளி, அதற்கும் அடியில் பசித்த வயிற்றிலிருந்து வரும் புளித்த மூச்சு. பலகைத் தரை ஒருமுறை முனகியது. பிறகு, யாரோ கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு அசைந்த மாதிரி, கலகலவென்று ஒரு சத்தம்.

வெண்டெலின் கை கரண்டியை விட்டது.

ரிவால்வர் அங்கே. ரைபிள் அங்கே. நடுவில் ஒரு பலகைக் கதவு. இந்தப் பக்கம் அவன், ஒரு காய் வெட்டும் கத்தி. அந்தச் சாவிக்கொத்து இப்போது இருந்திருந்தால். கடவுளே, இருந்திருந்தால்.

சப்புக்கொட்டும் சத்தம். தோலைச் சவைக்கிறது. முப்பது வருஷ வியர்வை ஊறின தோல்.

டக்.

இரும்பு மரத்தில் இடிக்கிறது.

டக். டக்.

"போ," என்றான். "போயிடு. தெரியாமச் சொல்லிட்டேன்."

சத்தம் நின்றது.

கையுறையைக் கழற்றாமல் திறக்க வசதியென்று அவனே மாட்டிய நீளக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. பாதியில் நின்றது. மறுபடி இறங்கியது.

கதவு திறந்தது.

அடுப்பு வெளிச்சத்தில் நிலைப்படி முழுக்க ஐசு மினுங்கியது. ஐசுக்கு நடுவே இரண்டு சின்னக் கண்கள், அவன் முகத்துக்கு நேராக. வாயில் அவனுடைய இடுப்புவார். அதன் நுனியில் அந்த நாற்பத்திநாலு, ஆறு குண்டும் நிரப்பியபடி, ஒரு சொட்டு ஈரமில்லாமல், நிலையில் மெல்ல இடித்து ஆடிக்கொண்டிருந்தது.

டக். டக்.