பசி எட்டு, கால்வலி மூன்று

ஏழு இட்லி தின்றும் வயிறு கடித்தது. எட்டாவதை வாயில் வைத்துக்கொண்டே கைப்பேசியில் பதிவேட்டைத் திறந்து, "பசி எட்டு, கால்வலி மூன்று" என்றேன். "பதிவானது. நன்றி, துணையர் பத்தொன்பது" என்றது இயந்திரக் குரல்.

அந்தப் பசி என்னுடையதல்ல. செம்பாறை மலையில் எங்கோ ஓர் ஓடைக்கரையில் நிற்கும் மொட்டைவாலியுடையது. கால்வலியும் அந்த யானையுடையதுதான். என் கால் நன்றாகவே இருந்தது, ஆனாலும் நொண்டினேன்.

என் பிடரியில் அரிசி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அவள் பிடரியிலும் ஒன்று. நிலையத்தார் அதை உணர்விழை என்பார்கள். எங்களுக்கு இழை. வறட்சி ஆண்டுகள் முடிந்தபோது இந்த மலையில் மிஞ்சியவை நாற்பது யானைகள். துணையர் இல்லாத யானை காட்டில் இருக்கக் கூடாது, துணையர் உள்ள யானை நடக்கும் மண்ணை யாரும் தோண்டக் கூடாது என்று சட்டம் வந்தது. இழை வந்து இருபது வருடம் ஆகிறது. கேமரா யானையைக் காட்டும். அதற்குப் பசியா வலியா என்று சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும். கல்குழியில் சம்மட்டி தூக்கி வளர்ந்த நாங்கள் வலித்தாலும் வாய் திறக்க மாட்டோம் என்று தேடி வந்து எடுத்தார்கள். நான் சொல்லும் எண் ஏழைத் தாண்டினால் தீவன வண்டி தானாக மலையேறும். இன்று எட்டு. வண்டி கிளம்பியிருக்கும்.

அன்று குறிஞ்சி வனவுயிர் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. எங்களுக்குப் பச்சைச் சேலையும் பச்சைச் சட்டையும் கொடுத்து, மேடைக்குப் பின்னால் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் துளசிமணி. அவன் துணையாக இருக்கும் கொம்பனுக்கு மதம் பிடிக்கும் நாட்களில் அவன் பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள்.

"வெளிநாட்டு ஆளுக வந்துருக்காங்களாம், மயிலக்கா. போன தடவையாட்ட மாலைல இருக்கற பூவத் தின்னு வெச்சுறாத."

"நீ வாழமரத்த முறிச்சயே, அது?"

"நானா முறிச்சேன்? அவன் முறிச்சான்."

கம்பவுண்டர் எபிநேசர் ஒரு தட்டோடு வந்தார். ஆளுக்கொரு மாத்திரை. கரும்பச்சை, நடுவில் ஒரு கோடு.

"என்னதுங்க இது?"

"பசியமர்த்தி. மேடையில யாரும் வாய மெல்லக் கூடாதுன்னு டைரக்டர் மேடம் சொல்லிட்டாங்க. சாயந்தரம் வரைக்கும் தாங்கும், முழுங்குக்கா."

முழுங்கினேன். அரை மணியில் வயிறு அமைதியானது. துணையராகிப் பதினொரு வருடத்தில் முதல்முறை. கல் சுமந்து கல் சுமந்து, ஒருநாள் சும்மா உட்கார்ந்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வெட்கங்கெட்ட உடம்பு.

பதினொரு மணிக்கு மேடையேற்றினார்கள். டைரக்டர் சுடர்க்கொடி பேசிக்கொண்டிருந்தார். நாற்பது யானை அறுபத்துமூன்று ஆன கதை. அது பொய்யில்லை, அந்த அம்மாள் உழைத்தவர்தான். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இழை வந்த இருபது ஆண்டுகளில் பட்டினியால் நாம் இழந்தது ஒரே ஒரு கன்றை. அதுவும் ஒரு துணையரின் பொய்ப் பதிவால். அந்த மனிதரை அன்றே வெளியேற்றினோம். நேர்மைதான் இந்த நிலையத்தின் மரபு."

கைதட்டினார்கள். அந்த மனிதர் என் அண்ணன் சென்னியப்பன். ஒன்பது வருடம் முன்பு, முக்கிய விருந்தினர்கள் வந்து தங்கிய ஆறு நாளும் அவர் "பசி ஒன்று" என்றே பதிந்தார். ஏழாம் நாள், அவர் துணையாக இருந்த கன்று ஓடையில் செத்துக் கிடந்தது. குடித்துவிட்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னான் என்று தீர்ப்பெழுதினார்கள். அண்ணன் மறுக்கவில்லை. "எனக்குப் பசிக்கலியே அம்மிணி, எப்படிப் பசிக்காமப் போச்சு?" என்று என்னிடம் மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மறுபடி கல்குழி. ஆனையைக் கொன்றவன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று அவர் மகளைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். நானும் இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. என் கையால் சோறு போடவில்லை.

டைரக்டர் திரையைக் காட்டினார். "இதோ, இந்த நிமிடம், மொட்டைவாலி."

என் யானை. எதிரில் தீவன வண்டி, கட்டுக்கட்டாகக் கரும்பு. காலையில் பசி எட்டாக இருந்தவள் ஒரு கரும்பைத் தும்பிக்கையால் எடுத்தாள். பிடித்துக்கொண்டே நின்றாள். கீழே போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த யானையும் பசியோடு கரும்பைப் போடாது. அவளுக்குப் பசிக்கவில்லை, எனக்குப் பசிக்காததால். அவளிடமிருந்து என் பக்கம் மட்டுமே ஓடும் என்று நிலையத்தார் சொன்ன இழை, என்னிடமிருந்து அவளுக்கும் போகிறது.

வாசிக்கச் சொல்லி என் கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தேன். ஓரத்தில் நின்ற எபிநேசரைப் பார்த்துக் கேட்டேன்: "ஏனுங்க கம்பவுண்டரே, எங்கண்ணனுக்கும் இதே பச்ச மாத்திரதானே குடுத்தீங்க? ஆறு நாளும்?"

அவர் தலை குனிந்துகொண்டார். மைக் செத்தது. இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடிப்பது போலப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். "களைப்பு" என்று டைரக்டர் ஒலிபெருக்கியில் சொல்வது கேட்டது.

அறைக்குள் தொண்டையில் விரலை விட்டு வாந்தியெடுத்தேன். பச்சைநீர்தான் வந்தது. விழா முடிந்து டைரக்டர் வந்து கதவைச் சாத்தினார்.

"எப்ப இருந்து தெரியும் மேடம்?"

"இழை வந்த நாலாம் வருஷத்துல இருந்து."

"அப்ப அண்ணன் விசாரணையப்ப..."

"தெரியும். ஒரு நாள் மாத்திரை ஆனையை ஒண்ணும் பண்ணாது. அப்ப ஆறு நாள் குடுத்தது எங்க தப்பு." குரலில் நடுக்கமே இல்லை. "வெளிய சொல்லு, நான் தடுக்கல. மனுஷன் உடம்பு விலங்கை ஆட்டுதுன்னு தெரிஞ்ச அடுத்த நாள் இழையைத் தடை பண்ணுவாங்க. துணையர் இல்லைன்னா ஆனை காட்டுல இருக்கக் கூடாது. மலை கல்குழிக்குப் போகும். ஒருத்தன் பேருக்காக அறுபத்துமூணு ஆனையைக் குடுப்பியா?"

"நீங்க அறுபத்துமூணுக்காக ஒருத்தனக் குடுத்தீங்க."

"ஆமா, குடுத்தேன்" என்றார். "மறுபடியும் குடுப்பேன்."

அவரை அறைந்திருக்கலாம். என் கை யானைக்காரியின் கை, ஓங்கவே இல்லை. அறுபத்துமூன்று என்ற எண் என் வாயையும் கட்டிவிட்டது. அதுதான் அந்த அம்மாளின் கெட்டிக்காரத்தனம்.

பொழுது சாய்கையில் வயிறு மறுபடி கடிக்கத் தொடங்கியது. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றும் பசித்ததில்லை. நொண்டிக்கொண்டே கல்குழிக்கு இறங்கினேன். அண்ணன் ஒரு பாறையில் ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சம்மட்டி நிற்கவில்லை. கடைசியில் ஒரு முறை தவறி, கல்லில் பட்டுத் தெறித்தது.

"உன்ற ஆனை இப்பத் தின்னுச்சா?"

"தின்னுதுண்ணா. வயிறு சொல்லுது."

"அப்பச் சரி. நீ வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்புடு அம்மிணி. ரெண்டு பேருக்கும் சேத்தி." திரும்பி நின்று அடுத்த ஆப்பைத் தேடினார். எடுக்க வெகுநேரம் ஆனது.

இப்போது தினமும் காலையில் பதிவேட்டைத் திறக்கிறேன். "பசி ஆறு, கால்வலி இரண்டு, சென்னியப்பன் பொய் சொல்லல" என்கிறேன்.

"எண்களை மட்டும் சொல்லவும், துணையர் பத்தொன்பது" என்கிறது குரல்.

நிலையத்து வாசலில் ஐம்பதாம் ஆண்டுக் கல்வெட்டை நட்டிருக்கிறார்கள். எங்கள் குழியில் உடைத்த கல்தான். அறுபத்துமூன்று யானைகளின் பெயரும் அதில் இருக்கிறது. கீழே ஒரு சாண் இடம் காலியாகக் கிடக்கிறது. சென்னியப்பன் பொய் சொல்லவில்லை என்ற ஒரு வரியை நிலையம் என் அண்ணனுக்குத் தர வேண்டும். இன்றுவரை தரவில்லை.