சவரச் சூடு

வடபள்ளம் குடியிருப்பில் சவரம் செய்த முகத்தோடு யாரும் உடனே வெளியே போவதில்லை. கன்னத்திலும் தாடையிலும் தணிகளிம்பைப் பூசிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். முகம் ஆற வேண்டும். ஆறாத முகத்தோடு நடைவழிக்குப் போனால், என்ன தப்பு செய்தோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கு வந்த முதல் தலைமுறை செய்துவைத்த ஏற்பாடு அது. மூடிய கூரைக்குள், எல்லோரும் ஒரே காற்றை இழுத்துவிடும் இடத்தில், ஒருவன் மறைக்கும் சின்னத் தப்பும் எல்லோரையும் கொன்றுவிடக்கூடும். காவலுக்கு வைக்க ஆட்கள் போதவில்லை. ஆகவே நடைவழியின் வாயிலில் கன்னமானியை வைத்தார்கள். வெட்கப்படும்போது கன்னத்துக்கு ரத்தம் ஏறும். கறுத்த தோலில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கருவிக்கு வெப்பமாகத் தெரியும். விளக்கு சிவந்தால் அந்த ஆள் வாயிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மறைத்ததைச் சொல்லிவிட்டுத்தான் நகரலாம்.

சவர எரிச்சலும் கன்னத்தைச் சூடாக்கும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. தாடி வைக்கவும் வழியில்லை. தாடி இருந்தால் மூச்சுக்கவசம் முகத்தில் ஒட்டாது. களிம்பு வரும்வரை பல ஆண்கள் தினமும் ஏதாவதொரு குற்றத்தைக் கற்பனை செய்து சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்களாம்.

பூவராகன் தனி ஆள். விதைக் கிடங்கில் வேலை. அவனுக்கு மெல்லிய தோல். பிளேடு பட்ட இடமெல்லாம் எரியும். களிம்பு பூசினாலும் காய்ந்த காற்று அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். ஒருநாள், கண்ணாடிக்குப் பின்னால் ஓடும் ஈரக்குழாயின் திருகை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்துவைத்தான். அறைக் காற்றில் ஈரம் ஏறியது. முகம் மெத்தென்று ஆனது. அவன் செய்தது அவ்வளவுதான். அந்தக் குழாய் அடுத்ததாக லூர்துவின் வீட்டுக்குப் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அரைச் சுற்றில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

சில வாரங்களில் லூர்துவின் கைக்குழந்தைக்குக் கன்னம் வெடித்தது. லூர்து வந்து கதவருகே தயங்கி நின்றான்.

“கொஞ்சம் களிம்பு இருந்தா குடுங்கண்ணே. எங்க பங்கு தீந்துபோச்சு. பாப்பா சிரிச்சாலே கன்னத்துல ரத்தம் வருது. அதான் இப்பல்லாம் நாங்க அவளச் சிரிக்க வைக்கிறதில்ல.”

பூவராகன் டப்பாவை அப்படியே எடுத்துக் கொடுத்தான். கதவு மூடியதும் கண்ணாடியைக் கழற்றித் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். இதோடு முடிந்தது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான்.

முடியவில்லை. லூர்துவின் வீட்டில் ஈரம் குறைந்ததற்கு, ஈரக்குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் சுகிர்தத்தின் மேல் பழி விழுந்திருப்பதாகக் கிடங்கில் பேசிக்கொண்டார்கள். ஒழுங்காகத்தான் பார்த்தேன் என்று அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. குடியிருப்பின் மன்றம் கூடும்போது அவள்மேல் தப்பு உறுதியானால் பனிச்சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களின் நுரையீரல் பழையபடி ஆவதில்லை.

மறுநாள் காலை களிம்பில்லாமல் சவரம் செய்துகொண்டு பூவராகன் நடைவழிக்குப் போனான். எரிவது பிளேடு பட்டதாலா என்று அவனுக்கே தெரியவில்லை. விளக்கு சிவந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான். ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது வரிசையிலிருந்து லூர்து முன்னால் வந்தான்.

“அவர விடுங்கப்பா. டப்பாவத் தூக்கி எம்புள்ளைக்குக் குடுத்துட்டு வறட்டு மூஞ்சியோட வந்து நிக்கிறாரு. இவருக்குப் போயி சிவப்பா?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நல்ல மனுசன் என்று ஒருவர் கிண்டல் செய்தார். பூவராகன் வாயை மூடிக்கொண்டான்.

நல்லவன் ஒருவனை அவமானப்படுத்திவிட்டோமே என்று மன்றத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த வாரமே கன்னமானிக்குப் புதிய பாடம் கற்றுக்கொடுத்தார்கள். தோலில் பிளேடு பட்ட தடம் தெரிந்தால் அந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் பச்சை விளக்கைக் காட்ட வேண்டும்.

அதன்பின் களிம்பை வாங்கிப்போக ஆளில்லை. ஆண்கள் தண்ணீரைக்கூடத் தொடாமல் வறட்டுச் சவரம் செய்யத் தொடங்கினார்கள். பெண்களும் கன்னத்துப் பூனைமயிரை மழித்துக்கொண்டார்கள். ஊரே கன்னம் காந்த நடமாடியது. விளக்கு மட்டும் பச்சையாகவே எரிந்தது. நாற்காலியில் தூசி படிந்தது. குடியிருப்பு திருந்திவிட்டதாக மன்றத் தலைவர் மகிழ்ச்சியோடு அறிவித்தார்.

சுகிர்தம் மட்டும் பிளேடைத் தொடவில்லை. மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மன்றம் கூடிய அன்று, வாயிலிலிருந்து கொண்டுவந்த கன்னமானியின் முன்னால் அவளை நடுவில் நிறுத்தினார்கள். கூடியிருந்த அத்தனை பேரும் உற்றுப் பார்த்தபோது அவள் கன்னம் சூடேறியது. விளக்கு சிவந்தது. அந்தக் கூடத்தில் சிவப்பு விழுந்த ஒரே முகம் அவளுடையது.

பூவராகன் எழுந்தான்.

“அந்தப் பொண்ணு மேல தப்பில்ல,” என்றான். “திருகத் திறந்து வெச்சது நான்தான்.”

தலைவர் கன்னமானியை அவன் பக்கம் திருப்பச் சொன்னார். சிவக்க வேண்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக பூவராகன் வேண்டிக்கொண்டான். அன்று காலை அவனும் எல்லோரையும் போல வறட்டுச் சவரம்தான் செய்திருந்தான்.

“சவரச் சூடு,” என்றது கருவி. “வெட்கம் இல்லை.”

ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் ஆட்களும் இந்தக் காலத்தில் இருக்கிறார்கள் என்று தலைவர் நெகிழ்ந்தார். லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றியது, அரைச் சுற்று, எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பச்சை ஒளியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உட்கார்ந்தான்.

பனிச்சுரங்கத்துக்கு அனுப்ப வெளியே அழைத்துப்போகும்போது சுகிர்தம் அவன் அருகே நின்றாள்.

“எனக்காக ஒருத்தராவது எந்திரிச்சீங்களே. அது போதும்ண்ணே.”

யாருக்கும் தேவைப்படாமல் அடுக்கில் கிடந்த களிம்பு டப்பாக்களை மன்றம் அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது. மறுநாள் காலை சவரம் செய்தபின் பூவராகன் ஒன்றைத் திறந்து, கன்னத்திலும் தாடையிலும் பூசிக்கொண்டு, பழைய வழக்கப்படி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். இன்று முகம் ஆற நெடுநேரமாகும் என்று எதிர்பார்த்தான்.

உடனே ஆறிவிட்டது.