கண்ணுக்கு ஒரே எழுத்து

முதல் பதிவு பட்டியலின் அடியில் நின்றது.

மொத்தம் பதினொரு குரல் பதிவுகள். c01-இல் தொடங்கி c11-இல் முடியும். மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உர்மத் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தான். அவன் மனைவி பெர்மெத் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பேசுவாள். அதற்குமேல் அவள் நுரையீரல் இடம் தராது. பேசும்போது அவனை வெளியே அனுப்பிவிடுவாள். "நான் போனப்புறம் கேளு. இப்பவே கேட்டா கிண்டல் பண்ணுவே."

அவள் போய் முப்பத்தொன்பது நாள். லேப்டாப்பைத் திறக்க இன்றுதான் அவனால் முடிந்தது. அவள் வேலை பார்த்த நிறுவனம் அதைத் திரும்ப வாங்க ஆறு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது.

c01-ஐ ஒரு முறை கேட்டான். மூடினான். பட்டியலைப் பார்த்தபோது உச்சியில் c02 இருந்தது. c11-க்குக் கீழே, தனியாக, c01.

மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் பிஷ்கெக்கின் நிலக்கரிப் புகை ஜன்னல்வரை இறங்கி வந்து தெருவையும் எதிர்க் கட்டடத்தையும் அழுக்கு மஞ்சளாக்கியிருந்தது. சமையலறையில் பெர்மெத்தின் தங்கை சல்தனாத் நாளைய நாற்பதாம் நாளுக்காகப் பருத்தி எண்ணெயில் ஏழு ரொட்டிகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். இறந்தவர்களைச் சென்றடைய வேண்டிய அந்த எண்ணெய் வாசனை நடைக்கூடத்தைக் கடந்து, கதவிடுக்கில் நுழைந்து, அவன் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டது. எண்ணெயின் சீறல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வரிசை ஏன் மாறியது என்று அவனுக்குத் தெரியும். அவன் புரோகிராம் எழுதுகிறவன். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில்தான் அவன் நாள் முழுக்க வாழ்கிறான். பூஜ்யமும் O-வும் குழம்பக் கூடாதென்று பூஜ்யத்துக்குள் கோடு போட்ட எழுத்துருவாகத் தேடி வைத்திருக்கிறான். ஒன்றுக்குப் பாதம் இருக்கும், l-க்கு வால் இருக்கும். ஆனால் லத்தீன் c-யையும் ரஷ்யன், கிர்கிஸ் எழுதும் சிரில்லிக் с-யையும் எந்த எழுத்துருவும் பிரித்துக் காட்டாது. கீபோர்டில் இரண்டுக்கும் ஒரே பொத்தான். மொழியை மாற்ற மறந்து அழுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெஷினுக்கு மட்டும் தெரியும். அதற்கு லத்தீன் 99, மற்றது 1089; பட்டியலில் பெரிய எண் கீழே போகும்.

பெர்மெத் எப்போதும் மறப்பாள். அவள் புரோகிராம் ஓடாமல் நிற்கும்போதெல்லாம் அவன்தான் அந்த ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பான்.

"பாக்க ஒண்ணாத்தான இருக்கு. அப்புறம் என்ன உன் மெஷினுக்கு இவ்வளவு திமிர்?"

"உள்ள வேற, பெர்மெத்."

"உள்ள வேறன்னா எங்க மாமாவுந்தான் வேற. அவரையும் கல்யாணத்துக்குக் கூப்பிடத்தான செஞ்சோம்?"

அவன் எண்ணைக் காட்டும் கட்டளையைத் தட்டினான்.

1089.

சற்றுமுன் இதே கோப்பு மேலே, 99-ஆக இருந்தது. இடையில் அவன் அதைக் கேட்டது மட்டும்தான் நடந்தது.

ஹெட்போனை மாட்டி மறுபடி கேட்டான்.

"உர்மத். நீ என்ன முதல்ல பாத்தது பூம் கணவாய்லன்னு எல்லார்கிட்டயும் சொல்றே. பனியில நின்னுபோன மினி பஸ்ல. நான் உன்ன அதுக்கு முன்னாடியே பாத்திருக்கேன். எங்கன்னு நாளைக்குச் சொல்றேன்."

அதே சொற்கள். ஆனால் முதல் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இழுப்பு இருந்தது. ஈரக் கதவு திறப்பதுபோல், மெல்லிய விசிலோடு, அவள் மார்பு காற்றைத் தேடும் சத்தம். கடைசி மூன்று மாதமும் அவன் அந்தச் சத்தத்தின் பக்கத்தில்தான் படுத்திருந்தான். அது கேட்கும்வரை அவள் இருக்கிறாள் என்று பொருள்.

இப்போது இடைவெளிகள் இருந்தன, அதே நீளத்தில். அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. குரல் தெளிவாக, நோய் இல்லாமல், மூச்சு இல்லாமல் பேசியது.

c02-ஐக் கேட்டான். இழுப்பு இருந்தது. அவன் கொடுத்த உலர் பாதாமி பழத்தில் பாதி பூச்சி என்று கேலி செய்தாள். மீதியை நாளைக்குச் சொல்வதாக முடித்தாள். மூடியதும் அதுவும் அடிக்குப் போனது. 1089. திரும்பக் கேட்டால் மூச்சில்லை.

பெயரைச் சரிசெய்து பார்த்தான். 99 என்று காட்டியது. திரும்பக் கேட்டான். 1089. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டான். c03-ஐக் கேட்டதும் இரண்டு இடத்திலும் மாறியது. கேட்காத எட்டும் இரண்டு இடத்திலும் பத்திரமாக இருந்தன.

கேட்டால் மூச்சு போய்விடும். கேட்காவிட்டால் இருக்கும்.

கதவு திறந்தது. சல்தனாத் ஜல்லிக்கரண்டியோடு நின்றாள். மூக்கில் மாவு.

"அத்தான், சிகரெட்ட விடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்க இழுப்பு அடுப்படி வரைக்கும் கேக்குது."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "நான் பிடிச்சு ஒரு மாசம் ஆச்சு."

"ஆமா, நம்பிட்டேன். அப்ப யாரு இழுக்கறது, உங்க வீட்டு அடுப்பா?"

"எண்ணெயா இருக்கும்."

"எண்ணெய் இப்படியா அழும்? ஒருமாதிரி விட்டு விட்டு..." அவள் பாதியில் நிறுத்தினாள். கரண்டியைப் பார்த்தாள். "அக்காவுக்குத்தான் இப்படி இருந்துச்சு. சரி விடுங்க. எனக்கும் தூக்கம் இல்ல, காதுல என்னென்னமோ கேக்குது. அடுப்ப அணைச்சுட்டேன். ரொட்டிய அக்கம்பக்கம் குடுத்துட்டு அப்படியே அம்மாவக் கூட்டிட்டு வரேன். நீங்க ஒண்ணாவது தின்னுங்க, பேய் மாதிரி உக்காந்திருக்காதீங்க."

வாசல் கதவு சாத்திக்கொண்டது. படிகளில் அவள் காலடி இறங்கித் தேய்ந்தது.

எண்ணெய் ஆறிவிட்டது. சீறல் நிற்கவில்லை.

சமையலறையில் இருந்து. விட்டு விட்டு. மெல்லிய விசிலோடு.

அவன் லேப்டாப்பை மூடியிருக்கலாம். எட்டுப் பதிவுகளை வாழ்நாள் முழுக்கக் கேட்காமலே வைத்திருந்திருக்கலாம். ஆனால் அவள் இன்னும் சொல்லவில்லை. எங்கே பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது. அவளைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் மிச்சமிருந்த புதுச் செய்தி அது ஒன்றுதான்.

c04. அவன் தொப்பியைப் பற்றி. c05. டிரைவர் பாடிய பாட்டு. c06-இல் பாதி நேரம் இருமினாள். ஒவ்வொன்றும் நாளைக்கு என்று முடிந்தது. ஒவ்வொன்றும் அடிக்கு இறங்கியது.

ஹெட்போனைக் கழற்றியபோது இழுப்பு நடைக்கூடத்தில் இருந்தது.

c07. நெடுநேரம் கழித்து c08. வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலானது. விளக்கைப் போட எழுந்தால் கதவைப் பார்க்க வேண்டும். அவன் எழவில்லை.

c09. கதவு திறக்கும் சத்தம் இல்லை. ஆனாலும் இழுப்பு அறைக்குள் வந்துவிட்டது. ஈரக் களிமண் வாசனை, பொரித்த எண்ணெய் வாசனைக்கு அடியில்.

"நாளைக்கு நிச்சயம் சொல்றேன்," என்றது c10. "இன்னிக்கு முடியல."

போன் அடித்தது. எடுத்தான்.

"அண்ணே, லேப்டாப் வாங்க வர்றேன். உங்க பில்டிங்குக்கு எந்தப் பக்கம் வாசல்? இந்தப் புகையில என் கையே எனக்குத் தெரியல."

"பின்பக்கம்."

"பத்து நிமிஷம்ணே."

பட்டியலின் உச்சியில் c11 மட்டும். அதற்குக் கீழே பத்து வரிகள். ஒரே அகலம், ஒரே உருவம். எண்ணைப் பார்த்தான். 99.

ஒரே ஒரு நிமிட மூச்சு. பென் டிரைவை உருவி வைத்துக்கொண்டால் போதும். அவள் இழுத்துக்கொண்டு, உயிரோடு, அதற்குள் இருப்பாள். அவன் ஒருநாளும் கேட்கக் கூடாது.

பின்னால் ஒரு இழுப்பு. முழுமையாக இல்லை. பாதியில் அறுந்தது. மறுபடி முயன்றது. அறுந்தது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். கடைசி இரவு அவள் அப்படித்தான் காற்றைத் தேடினாள். அப்போது கொடுக்க அவனிடம் ஒன்றும் இல்லை.

அவன் பொத்தானை அழுத்தினான்.

ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டான்.

"காலேஜ் கம்ப்யூட்டர் ரூம்," என்றாள்.

ஹெட்போனில் இடைவெளி. இந்த முறை முதல் தடவையே வெறுமை. மற்ற காதில், மிக அருகில், இழுப்பு. இடைவெளி முடியும்போது அதுவும் முடிந்தது.

"என் புரோகிராம் ஓடல. ரெண்டு மணி நேரமா தப்பத் தேடிட்டிருக்கேன்."

இழுப்பு. இப்போது அறுபடவில்லை.

"யாரோ பின்னாடி வந்து நின்னாங்க. பேசல. என் தோளுக்கு மேல ஸ்கிரீனப் படிச்சிட்டிருந்தாங்க. ஸ்கிரீன் கண்ணாடியில உன் மூஞ்சி தெரிஞ்சுது."

இழுப்பு. பின்கழுத்து முடி அசைந்தது.

"மூச்சு என் கழுத்துல பட்டுச்சு. நான் திரும்பல உர்மத். திரும்பினா நீ போயிடுவியோன்னு பயம்."

பதிவு முடிந்தது.

பட்டியலில் c11 அடிக்கு இறங்கியது.

இழுப்பு முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. திரும்ப அடித்தது. அவன் எழவில்லை. திரும்பவில்லை. கன்னத்தில் ஈரம் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது.

அவன் தன் மூச்சை அடக்கினான்.

திரையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஆவி படர்ந்தது. எழுத்துகளை மூடியது. மெல்ல விலகியது.

மறுபடி படர்ந்தது. இன்னும் பெரிதாக. இன்னும் அருகிலிருந்து.