போனது பதினோரு ஜிபி

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆனாலும் திரையின் மூலையில் டேட்டா மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று டேட்டாவுக்கு அளவு இருந்ததால், அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி மீட்டரின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருப்பாள். அதில் இரண்டே எண்கள்: வந்தது, போனது. அவளுக்கு வருவதுதான் அதிகம், போவதெல்லாம் கொசுறு. இன்று போனதுதான் ஏறிக்கொண்டிருந்தது.

பட்டியலைத் திறந்தாள். எந்தப் புரோகிராம் எவ்வளவு தின்றது என்று வரிசையாக இருந்தது. கடைசி வரிக்கு மட்டும் பெயரில்லை. வந்தது பூஜ்யம். போனது பதினோரு ஜிபி. தொடங்கிய தேதி, மூன்று.

அவள் பிள்ளை வாண்டுக்குத் தொண்டை கட்டியதும் மூன்றாம் தேதிதான். ஐந்து வயதில் ஊருக்கே சேர்த்துப் பேசுகிற பிள்ளை, பத்து நாளாகக் கம்மிய குரலில் பேசிக்கொண்டிருந்தது. தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வேலைக்குப் போயிருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

"ஏதாவது அப்டேட் ஆகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தான்.

"அப்டேட்டுன்னா வரணும்லங்க? இது போகுது."

"சரி விடு, சாயங்காலம் வந்து பாக்குறேன்."

வெளியே மழை பிடித்திருந்தது. சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரத்துணி வாடையும் சூடேறிய கம்ப்யூட்டரின் வாடையும் கலந்து நிற்க, ஃபிரிட்ஜின் முனகலுக்கு மேலே, உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து வாண்டு தன் பொம்மைகளுக்குப் பாடுவது கரகரவென்று கேட்டது.

"மழையே மழையே எங்க போற, மாடி மேல ஏன் ஏறுற..."

பெயரில்லாத வரியில் எண் துள்ளியது. பாட்டு நின்றது. எண்ணும் நின்றது.

கம்ப்யூட்டரில் செருகியிருந்த மைக்கைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"வாண்டு, அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுடா."

பாடியது. எண் ஏறியது.

"இன்னொரு தடவை."

அம்மா கேட்கிறாளே என்ற சந்தோஷத்தில் பிள்ளை முழுப் பாட்டையும் பாடியது. பாதியில் குரல் நூலாக இளைத்தது. கடைசி அடி வெறும் காற்றாக வந்தது. எண் மட்டும் பாய்ந்து ஏறியது. அப்போதுதான் தான் செய்துகொண்டிருப்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பாவி, நானே கேட்டு வாங்கிக் கொடுத்தேனே!

"போதும்! வாயைத் திறக்காதே!"

ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுத்து வந்தாள். மடியில் இருத்திக்கொண்டு நெட் கேபிளைப் பிடித்து இழுத்தாள். வயர் கையோடு வந்தது.

எண் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். வாண்டின் நெற்றியில் முத்தமிட்டாள். மழைச் சத்தம் மட்டும்.

திரையில் பெயரில்லாத வரி அசைந்தது.

வந்தது: ஒன்று. நாற்பது. தொள்ளாயிரம்.

கேபிள் அவள் கையில் இருந்தது.

"மழையே மழையே எங்க போற..."

உள்ளறையிலிருந்து. கரகரப்பே இல்லாமல். மூன்றாம் தேதிக்கு முன்பிருந்த குரல்.

மடியில் இருந்த பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து வாயை அகலத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் அம்மா, அம்மா என்று அடித்துக்கொண்டன.

சத்தமே வரவில்லை.

"அம்மா," என்றது உள்ளறை. "நீ யாரை மடியில வச்சிருக்க?"

கட்டில் கிறீச்சிட்டது. சின்னக் கால்கள் இரண்டு தரையில் இறங்கின.