குத்தினாலும் வலிக்காத கால்கள்!

குண்டூசி அவள் பாதத்தில் பாதிவரை இறங்கியது.

அலறல் வரவில்லை!

"வலிக்கலையா?" தையல்காரன் பல்லைக் கடித்தான்.

"இல்லைங்க..." கடை நாற்காலியில் இருந்த மனைவி, தன் காலை யாருடையதோ போலப் பார்த்தாள்.

"நடிப்புக்காரி! எலும்பு, நரம்பு, ரத்தம்... எல்லா டெஸ்ட்டும் சுத்தம்னு டாக்டரே சொல்லிட்டாரு!"

"நடிப்பில்லைன்னும் சொன்னாரே... மனசுல இருக்கற பயம்தான் காலைப் பிடிச்சு வெச்சிருக்காம்."

"பயமா? இரு, பயம்னா என்னன்னு காட்டறேன்!"

ஏழு மாதமாகத் தினமும் காலையில் இந்த ஊசிச் சோதனை. இன்று அவனுக்கு அலுத்துவிட்டது.

வெட்டுத்துணிகளை வாரி நாற்காலியைச் சுற்றிக் குவித்தான். மண்ணெண்ணெயைத் தெளித்தான். தீக்குச்சியைக் கிழித்தான்.

"என்னங்க... விளையாடாதீங்க!"

"நடிச்சா ஓடுவே. நிஜம்னா எரிவே. எப்படியும் இன்னிக்கு முடிவு தெரிஞ்சுடும்டீ!"

குப்பென்று பற்றியது!

அடுத்த நொடி...

அவள் எழுந்து நின்றாள்!

எழச் சொல்லி அவள் உத்தரவு போடவில்லை. கால்கள் அவளைக் கேட்காமலே தீயைத் தாண்டி, வாசற்படிக்கு வெளியே வந்து நின்றன.

"மாட்டினியா!" பின்னாலேயே வாசலுக்கு வந்து கைதட்டிச் சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்தது. மூலையில் தைத்து முடித்த கோட்டுகள்... தீ அங்கே தாவிவிட்டது!

"ஐயோ, கஸ்டமர் துணி!"

உள்ளே பாய்ந்தான்.

அவள் கை கதவைச் சாத்தியது. தாழ்ப்பாளைப் போட்டது. இந்த உத்தரவு மட்டும் அவளுடையதுதான்!

"ஏய்! திறடீ!" தடதடவென்று கதவு அதிர்ந்தது. "திறடீ!"

"என்னால நடக்க முடியாதேங்க..." என்றாள், நின்றபடியே.

சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்தாள். மெல்லத் தாழ்ப்பாளை நீக்கினாள். அவ்வளவுதான். கால்கள் துணிபோல் மடங்கின. தரையில் சரிந்தாள். கிள்ளிப் பார்த்தாள். மறுபடியும் மரக்கட்டை!

தீயணைந்த பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே டாக்டரும். டாக்டர் அவள் பாதத்தில் ஊசியால் குத்தினார். அவள் இமைகூட ஆடவில்லை.

"நடிப்பில்ல சார். ஏழு மாசமா என் பேஷன்ட். துளி உணர்ச்சி கிடையாது."

"அப்போ உங்களை யாரும்மா வெளியே கொண்டு வந்தது?"

"அவராலதான் சார் வெளியே வந்தேன்..." விசும்பினாள். "அப்புறம் துணியைக் காப்பாத்தணும்னு உள்ளே போனார்."

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"'திறடீ'ன்னு அவர் கத்தினது பக்கத்துக் கடைவரைக்கும் கேட்டிருக்கு. புகையில கதவு தெரியாம தவிச்சிருப்பார். நீங்க ஓடிப்போய்த் திறந்திருக்கலாமே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னால ஓட முடிஞ்சா, இவ்வளவு நாள் அந்தாளுக்குப் பொண்டாட்டியா இருந்திருப்பேனா சார்?"